சத்தம் போடாத கடன்காரர்

அந்தப் பெண் இரண்டாவது தடவையாக உதட்டைக் கடித்தாள். முதல் தடவை கடித்தபோது பொன்னுரங்கம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எதையாவது கடித்துக்கொண்டுதான் இருக்கும். ஆனால் இந்தத் தடவை அவனுடைய பான் கார்டைக் கையில் எடுத்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடித்தாள். பின்பக்கத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? "கொஞ்ச நேரம் உக்காருங்க சார், ரிசல்ட் வந்துரும்" என்று சொல்லித்தான் அவனை இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். ரிசல்ட் என்ற சொல்லே அவனுக்குப் பிடிக்கவில்லை. பரீட்சை எழுதினவனுக்குத்தான் ரிசல்ட். அவன் பரீட்சையெல்லாம் எழுதி முடித்து, தோற்று, தோற்றேன் என்று கோர்ட்டில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவன். ஆறு வருஷம் ஆகிறது. கோர்ட்டு அவனைக் கடன்களிலிருந்து விடுவித்து உத்தரவு போட்டே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஆனாலும் அந்தத் திரையில் அவன் பேருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு நிறம் எரிந்துகொண்டிருக்கும், மஞ்சளாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். திருப்பூரில் திவாலாகிறவனை மஞ்சக் கடுதாசி குடுத்துட்டான் என்றுதான் சொல்வார்கள். அவன் கொடுத்த மனு சாதாரண வெள்ளைத் தாளில்தான் அடித்திருந்தது. கையெழுத்துப் போடும்போது அந்த வெள்ளையைப் பார்த்து ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தினான். இவ்வளவு வெள்ளையாக இருக்கிறதே, இதில் ஏதோ சூது இருக்கிறது, ஏமாற்றி வேறெதிலோ கையெழுத்து வாங்குகிறார்கள் என்று பட்டது. வக்கீலம்மா திலகவதி, "என்னங்க, படிச்சுப் பாத்துட்டே போடுங்க" என்றாள். படிக்கச் சொல்கிறாள் என்றால் படித்தால் புரியாது என்று தெரிந்துதானே சொல்கிறாள்.

கடை முழுக்க மெஷின் எண்ணெய் வாசம். வரிசையாகத் தையல் மெஷின்கள் பாலித்தீன் உறைக்குள் நின்றன. மூன்றாவது வரிசையில் நிற்கிற, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின்தான் அவன் மனைவி வசுமதி காட்டிவிட்டுப் போனது. போன வாரம் அவளும் கூட வந்து, துணியை விட்டு ஓட்டிப் பார்த்து, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, "இது போதுமுங்க" என்றாள். வீட்டில் வைத்து, பீஸுக்கு இவ்வளவு என்று தைத்துக் கொடுத்தால் மாசத் தவணை போகக் கையில் கொஞ்சம் நிற்கும். ஒரு காலத்தில் இதே மாதிரி மெஷின் இரண்டு வரிசை போட்டு, ஆள் வைத்து, பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்தவன் அவன். இப்போது ஒரே ஒரு மெஷினுக்கு ஒரு சின்னப் பிள்ளை உதட்டைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வசுமதி பேரில் வாங்கியிருக்கலாம். அவள் பேரில் எந்தக் கறையும் இல்லை, கேட்ட நிமிஷத்தில் கொடுத்திருப்பார்கள். அதைத்தான் அவன் சொன்னான். "வேண்டாமுங்க, உங்க பேருலயே போடுங்க" என்று அவள் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள்? புருஷன் பேர் மறுபடியும் நாலு இடத்தில் செல்லட்டும் என்று நினைத்தாளா? இல்லை, நாளைக்கு ஏதாவது ஆனால் தன் தலைக்கு வரக்கூடாது என்று நினைத்தாளா? ஒரு வாரமாக இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறான். அரிசி களைகிற சத்தம் அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டதா? மனு போடுவதற்கு முன்னால், சொத்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லவேண்டும் என்று வக்கீலம்மா சொன்னபோது, வசுமதி காதில் கிடந்ததைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "இதையும் எழுதிக்குங்க" என்றாள். திலகவதி அதையும் எழுதிக்கொண்டாள். அவனுக்கோ அன்றைக்கு ராத்திரியெல்லாம் ஒரே நினைப்பு: இவ்வளவு சுலபமாகக் கழற்றிக் கொடுக்கிறவள் வேறெங்கோ எதையோ வைத்திருக்கிறாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுக்கூடப் பார்த்தான். அரிசிதான் இருந்தது.

கடையின் கண்ணாடிக் கதவு திறந்தது. உள்ளே வந்தவரைப் பார்த்ததும் பொன்னுரங்கம் நாற்காலியில் நிமிர்ந்தான். தங்கமுத்து. நூலும் எலாஸ்டிக்கும் விற்கிற தங்கமுத்து. அவன் கம்பெனி ஓடின காலமெல்லாம் அவனுக்குச் சரக்குப் போட்டவர், அவன் மனுவில் கொடுக்கவேண்டியவர்கள் வரிசையில் ஐந்தாவதோ ஆறாவதோ இருந்த பேர். இளைத்திருந்தார். சட்டையின் தோள் கீழே இறங்கி நின்றது. அவனைப் பார்த்தார், பார்த்தது நிச்சயம், கண் ஒரு கணம் நின்றது. பிறகு பார்க்காத மாதிரி நேராக உள்ளே முதலாளியின் கண்ணாடி அறைக்குப் போனார். இத்தனை வருஷமாக அவன் பயந்துகொண்டிருந்தது இவருக்குத்தான். மற்றவர்கள் எல்லாரும் வந்து சத்தம் போட்டார்கள். சாயப்பட்டறைக்காரர் வாசலில் நின்று அவன் அப்பன் பேரைச் சொல்லித் திட்டினார். வட்டிக்குக் கொடுத்தவர் ஆள் வைத்து, ஸ்கூட்டரின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார். அட்டைப்பெட்டி சப்ளை செய்தவர் வசுமதியின் முன்னால் உட்கார்ந்து அழுதார். கோர்ட்டுக்கும் வந்தார்கள், வக்கீல் வைத்தார்கள், இவன் ஒளிச்சு வெச்சிருக்கான் என்றார்கள். சத்தம் போட்டவர்கள் எல்லாம் ஒருநாள் சத்தம் போட்டு முடித்துவிட்டார்கள். தங்கமுத்து வரவே இல்லை. வாசலுக்கும் வரவில்லை, கோர்ட்டுக்கும் வரவில்லை, போனும் செய்யவில்லை. நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததா என்று வக்கீலம்மாவிடம் கேட்டான். சேர்ந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார் என்றாள். வாங்கிக்கொண்டு ஏன் வரவில்லை? ஒரு மனுஷன் தனக்கு வரவேண்டியது போய்விட்டது என்று தெரிந்த பிறகும் சத்தம் போடாமல் இருக்கிறான் என்றால் அவன் வேறு எதற்கோ காத்திருக்கிறான். இன்றைக்காகத்தான் காத்திருந்தாரோ? மறுபடியும் அவன் எழுந்து நின்று, ஒரு கடையில் ஒரு பொருளுக்குக் கடன் கேட்கிற அன்றைக்கு, சரியாக அந்தக் கடைக்குள் வந்து, சரியாக அந்த முதலாளியின் காதில் ஒரு வார்த்தை.

கண்ணாடி அறைக்குள் தங்கமுத்து உட்காரவில்லை. நின்றபடி பேசினார். கை விரித்தார். முதலாளி தலையை ஆட்டினார், இல்லை என்கிற மாதிரியும் இருந்தது, அப்படியா என்கிற மாதிரியும் இருந்தது. சத்தம் வெளியே வரவில்லை. உதடு அசைவதை வைத்து ஏதாவது தெரிகிறதா என்று பொன்னுரங்கம் பார்த்தான். 'மஞ்ச' என்று சொல்கிற உதடு எப்படி இருக்கும்? தானே வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். உதடு ஒட்டித் திறந்தது. தங்கமுத்துவின் உதடு அங்கே ஒட்டித் திறந்தது. ஆனால் மெஷின் என்றாலும் ஒட்டித்தான் திறக்கும், மாசம் என்றாலும்தான். இப்படித்தான் அன்றைக்கும், திலகவதி எதிர்த்தரப்பு வக்கீலோடு போனில் சிரித்துப் பேசினபோது, வாசலில் நின்று உதட்டைப் பார்த்தான். இரண்டு பக்கமும் காசு வாங்குகிறாள் என்று தீர்மானம் செய்தான். அவள் அவனிடம் முதல் நாளே சொன்னது இரண்டே விஷயம்: யார் பேருக்கும் எதையும் மாற்றாதீர்கள், யாருக்கும் தனியாகக் கொடுத்துச் சரிக்கட்டாதீர்கள். வசுமதியின் அண்ணன் சென்னியப்பன் சொன்னது நேர் எதிராக: "மாப்ள, மொதல்ல வீட்ட எம்பட தங்கச்சி பேருக்கு எழுதிப்போட்டு அப்புறம் மனுவக் குடுங்க. ஊர்ல எல்லாரும் அப்புடித்தான் பண்றாங்க." ஒருத்தி மாற்றாதே என்கிறாள், ஒருத்தன் மாற்று என்கிறான். இருவரில் எவருக்கு இதில் லாபம்? பத்திரம் எழுதுகிறவர் கடை வரைக்கும் போய்விட்டான். பெஞ்சில் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருக்கும்போது திடீரென்று தோன்றியது, வீடு வசுமதி பேருக்குப் போனால் சென்னியப்பன் வந்து அவளிடம் கையெழுத்து வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? எழுந்து வந்துவிட்டான். பொன்னுரங்கம் நேர்மையாக நடந்துகொண்டான், ஒரு சட்டியைக்கூட ஒளிக்கவில்லை என்று பிறகு கோர்ட்டிலேயே பேசிக்கொண்டார்கள். மச்சினன்மேல் இருந்த சந்தேகத்தில் எழுந்து வந்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டை ஏலத்தில் விற்றார்கள். சாமான்களைப் பார்க்க வந்த கோர்ட்டு ஆள் ரொம்ப மரியாதையாகப் பேசினார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், குடிக்கத் தண்ணீர் கேட்டார். செருப்பைக் கழற்றினதுதான் பொன்னுரங்கத்துக்குத் தாங்கவில்லை. எதற்கு இந்த மரியாதை?

அதற்கப்புறம் நல்லபடியாக நடந்துகொண்டவர்களைப் பார்த்தாலே அவனுக்கு ஒதுங்கத் தோன்றியது. வாடகைக்கு ஒரு லைன் வீட்டுக்குக் குடி போன புதிதில் தெருமுனை மளிகைக்கடைக்காரர், "சில்லறை இல்லீன்னா பரவால்லீங்க, எழுதிக்கறேன்" என்றார். பருப்பை அங்கேயே வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சில்லறை எடுத்துவந்து கொடுத்துத்தான் வாங்கினான். எழுதிக்கொள்வது என்பது எங்கே ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியாதா? கோர்ட்டு விடுவித்த பிறகு பேங்கில் ஒரு அம்மா சொன்னார்: கையிலிருக்கிற கொஞ்சத்தை வைப்பாகப் போடுங்க, அதுமேல் ஒரு கிரெடிட் கார்டு தருகிறோம், மாசாமாசம் கரண்ட் பில்லை மட்டும் அதில் கட்டி, தேதிக்கு முன்னாலேயே திருப்பிக் கட்டிவிடுங்க, பேர் தானாக மேலே வரும். தன் பணத்தை வைத்துத் தனக்கே கடன் கொடுக்கிறார்களாம். இதில் எந்த இடத்தில் கத்தி இருக்கிறது என்று ஒரு வாரம் தேடினான். கிடைக்கவில்லை. கிடைக்காததினாலேயே பயம் கூடியது. ஆனாலும் செய்தான். கரண்ட் பில்லைக் கட்டிவிட்டு அன்றைக்கே போய்த் திருப்பிக் கட்டினான். கவுண்டரில் இருந்த பையன், "இன்னும் பில்லே வரலீங்களே, அதுக்குள்ள கட்டறீங்க" என்றான். கட்டினதற்கு ரசீது கொடு என்று பொன்னுரங்கம் கேட்டான். ரசீதை மூன்று காப்பி எடுத்து மூன்று இடத்தில் வைத்தான். அப்படி ஏறின பேர்தான் இப்போது அந்தத் திரையில் இருக்கிறது, அந்தப் பிள்ளையின் உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவில். அவள் எழுந்தாள். அவனுடைய தாள்களை எடுத்துக்கொண்டாள். அவனைப் பார்க்காமல் நேராகக் கண்ணாடி அறைக்குள் போனாள். அங்கே தங்கமுத்து நிற்கிறார். மூன்று பேரும் இப்போது ஒரே அறையில். முதலாளி தாளை வாங்கிப் பார்க்கிறார், தங்கமுத்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறார். ஏன் திரும்பி நிற்கிறார்? சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தவன்தான் திரும்பி நிற்பான். எழுந்து போய்விடலாமா? ஆதார், பான், பேங்கு புஸ்தகம் எல்லாம் உள்ளே இருக்கிறது. அதை வாங்காமல் போக முடியாது. வாங்கப் போனால் மூன்று பேரும் முகத்தைப் பார்ப்பார்கள். வசுமதியிடம் என்ன சொல்வது? மெஷின் ஸ்டாக் இல்லை என்று சொல்லலாம். போன வாரம் ஓட்டிப் பார்த்த மெஷின் எங்கே போச்சுங்க என்று கேட்பாள். கேட்கமாட்டாள். கேட்காமல் முகத்தைப் பார்ப்பாள், அதுதான் கஷ்டம்.

தங்கமுத்து வெளியே வந்தார். கதவைப் பார்த்து நடந்தவர் பாதியில் நின்றார். திரும்பி, வரிசை நாற்காலிகளைத் தாண்டி வந்து, அவனுக்கு முன்னால் நின்றார். பொன்னுரங்கம் எழுந்துவிட்டான். எழவேண்டும் என்று நினைத்து எழவில்லை, கால் எழுந்தது.

"நல்லா இருக்கியா தம்பி?"

"இருக்கறனுங்ண்ணா."

"சோலி இருக்குதா?"

"காத்துட்டு இருக்கறனுங்க. இன்னும் சொல்லலீங்க."

"வா, ஒரு டீ குடிச்சுப்போட்டு வரலாம்."

போகக்கூடாது என்றது மனசு. நாலு பேர் முன்னால் கேட்க முடியாததைக் கேட்கத்தான் வெளியே கூப்பிடுகிறார். கூடவே நடந்தான். கடைக்கு ஒட்டினாற்போல் டீக்கடை. வேன்கள் துணி மூட்டைகளோடு நெருக்கியடித்துப் போயின. தங்கமுத்து இரண்டு டீ சொன்னார். கிளாஸை வாங்கிக்கொண்டு வேப்பமர நிழலுக்கு ஒதுங்கினார்கள். தங்கமுத்து கிளாஸை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கோபத்தை அடக்கத்தான் அப்படிப் பிடிக்கிறார் என்று பொன்னுரங்கம் நினைத்தான். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் தானே முந்திவிட வேண்டும் என்று, இத்தனை வருஷம் யோசித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டான்.

"அன்னிக்கு நீங்க மட்டும் ஏனுங்ண்ணா வரல?"

"எங்க?"

"கோர்ட்டுக்கு. எல்லாரும் வந்தாங்க. எல்லாரும் வீட்டுக்கு வந்து சத்தம் போட்டாங்க. நீங்க வரலீங்க."

தங்கமுத்து டீயை ஒரு வாய் குடித்தார். "வந்திருந்தா நீ அங்க கூண்டுகிட்ட நிக்கறதப் பாக்கோணும். எம்பட யாவாரமும் அப்பவே ஆட்டம் குடுத்துருச்சு தம்பி. உன்னைய மாதிரி நாலஞ்சு பேரு பணம் தராம நின்னுபோயிருந்தாங்க. நாளைக்கு நான் நிக்கப்போற எடத்த நானே வந்து பாக்கோணுமான்னு இருந்துச்சு. நோட்டீஸ வாங்கி அலமாரிக்குள்ள போட்டுப் பூட்டிட்டேன்."

இது பொய்யாக இருக்கலாம் என்று பொன்னுரங்கம் நினைத்தான். நினைத்தபடியே கேட்டான்: "என்னாலதானுங்களா?"

"எல்லாம் உன்னாலன்னு சொன்னா பொய். உன்னால ஒண்ணுமே இல்லீன்னாலும் பொய்." வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும்வரை நிறுத்தினார். "நூல் சுத்தற மெஷினு ஒண்ணு கெடக்குது. இந்த மெஷின் கடைக்காரரு பழசு வாங்குவாருன்னாங்க. கேக்கலாம்னு வந்தேன். இரும்பு வெலைக்குக் கேக்கறாரு. உன்னைய உள்ள பாத்ததும் ஒரு ரோசனை. உங்கிட்டக் கேக்கலாமா வேண்டாமான்னுதான் அத்தன நேரம் உள்ளயே நின்னேன்." குரலைத் தாழ்த்தினார். "அந்த மனு குடுக்கறதுக்கு முன்னால என்னென்ன பண்ணி வெக்கோணும்?"

பொன்னுரங்கத்துக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை. புரிந்ததும், உடனே அடுத்த சந்தேகம் வந்து நின்றது. நோட்டம் பார்க்கிறாரா? நான் அன்றைக்கு என்ன செய்தேன் என்று என் வாயாலேயே வாங்கி, முடிந்த கேஸை மறுபடி கிளறப் பார்க்கிறாரா? அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். தாடை எலும்பு துருத்தி, சவரம் அங்கங்கே விட்டுப்போயிருந்தது. சட்டையில் மேல் பித்தான் இல்லை. அந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தார். நூல் வியாபாரி. வேவு பார்க்க வருகிறவன் ஊக்குக் குத்திக்கொண்டு வருவானா? வருவான், நம்பவைப்பதற்கு. இப்படியே போனால் இதற்கு முடிவே இல்லை என்று தோன்றியது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அப்படித் தோன்றியது.

"வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல."

"மொதல்ல அக்காகிட்டச் சொல்லுங்க. அப்புறம் கையில இருக்கறது, தரவேண்டியது, வரவேண்டியது எல்லாத்தையும் ஒரே எடத்துல எடுத்து வெய்ங்க. ஒண்ணு விடாம. நல்ல வக்கீலம்மா ஒருத்தங்க இருக்காங்க, திலகவதின்னு. நான் சொல்றனுங்க."

"அதெல்லாம் சரி." தங்கமுத்து இன்னும் கிட்ட வந்தார். "அவிநாசிப் பக்கம் கொஞ்சம் மானாவாரிக் காடு இருக்குது. மொதல்ல அத எங்க கவிதா பேருக்கு எழுதிப்போட்டு, அப்புறம் மனுவக் குடுக்கலாம்னு இருக்கேன். புள்ளைக்குன்னு அது ஒண்ணுதான் இருக்குது."

"வேண்டாமுங்ண்ணா."

சொன்ன வேகத்தில் அவர் ஒரு அடி பின்னால் போனார். "ஏன்?"

"எழுதினீங்கன்னா கோர்ட்டுல ரத்து பண்ணிப்போடுவாங்க. புள்ளையையும் கூண்டுல ஏத்துவாங்க. உங்க பேச்சு எதுவும் அப்புறம் எடுபடாதுங்க. இருக்கறதக் காட்டிடுங்க. நான் சொல்றது கேளுங்க."

அப்போதுதான் அதைப் பார்த்தான். தங்கமுத்துவின் கண் சுருங்கியது. அவன் முகத்தில் எதையோ தேடியது, அவன் கையை, சட்டைப் பையை, பின்னால் திரும்பி மெஷின் கடையின் கண்ணாடிக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி முகத்துக்கு வந்தது. அந்தப் பார்வையைப் பொன்னுரங்கம் இதுவரை வெளியிலிருந்து பார்த்ததில்லை. உள்ளே இருந்து பார்த்தே பழக்கம்.

"உன்னைய யாராச்சும் சொல்லச் சொன்னாங்களா?" என்றார் தங்கமுத்து. "அந்தச் சாயப்பட்டறைக்காரன் இன்னும் உங்கூடப் பேசறானா? அவனுக்கும் நான் தரோணும்."

ஏறக்குறைய இதே கேள்வியை அவன் திலகவதியிடம் கேட்டிருக்கிறான். அவள் அன்றைக்குப் பதில் சொல்லாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டாள், பேச்சு வரவில்லை என்று நினைத்தான். இப்போது அவனுக்கும் வரவில்லை. யாரும் சொல்லச் சொல்லவில்லை என்று சொன்னால், யாரோ அனுப்பி வந்தவனும் அதைத்தான் சொல்வான். சத்தியம் செய்தால் இன்னும் மோசம். அவர் தோளைத் தொட்டால் நடிப்பு. டீ ஆறி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. வசுமதி காதில் ஒன்றுமில்லாமல் அந்த மேஜையைவிட்டு எழுந்தபோது அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ? சொல்வதற்கு ஒன்றுமே இல்லாமல், எது சொன்னாலும் வேறொன்றாகப் போய்ச் சேரும் என்று தெரிந்து, அரிசி களையப் போய்விடுவதைத் தவிர வேறு வழி இல்லாமல்.

"சார்." கடை வாசலில் அந்தப் பெண் நின்றாள். கையில் அவனுடைய தாள்கள். "வந்துருச்சுங்க சார். ஓகே ஆயிருச்சு. நீங்க கையெழுத்துப் போட்டா இன்னிக்கே மெஷின ஏத்தி விட்டுரலாம்."

இதற்குத்தான் இரண்டு வருஷம் கரண்ட் பில் கட்டினான். சந்தோஷம் வரும் என்று ஒரு இடம் ஒதுக்கி வைத்திருந்தான், அது வரவில்லை. உதட்டைக் கடித்தது எதற்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

"இருங்கம்மா, வர்றேன்" என்றான்.

"போ தம்பி, உன் சோலியப் பாரு" என்றார் தங்கமுத்து. சட்டைப் பையைத் தடவி, தன்னுடைய டீக்கும் அவனுடைய டீக்கும் சேர்த்துக் காசை எடுத்தார். பொன்னுரங்கம் கையை நீட்டியபோது சட்டென்று விலக்கிக்கொண்டார். கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். போகப் போகிறார். இப்படிப் போனால் நேராகப் பத்திரம் எழுதுகிறவர் கடைக்குத்தான் போவார். அங்கே போய், தன்னைப்போல, யார் மேலாவது சந்தேகம் வந்து எழுந்து வருவாரா? மகள் கவிதா மேல் அவருக்குச் சந்தேகம் வராது. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"திங்கக்கெழமை நானும் வர்றனுங்ண்ணா" என்றான். "வக்கீலம்மாகிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போட்டுறாதீங்க."

"நீ எதுக்கு?"

உங்களுக்குத் தரவேண்டியதைத் தராமல் விட்டவன் என்பதற்காக என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், இதற்குப் பின்னால் வேறு எதையோ கேட்கப் போகிறான் என்று நினைப்பார். உங்களைப் பார்த்தால் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்லலாம். அதைக் கேட்டால் அடித்துவிடுவார். வந்த பதிலையெல்லாம் அவர் காதில் விழுகிற மாதிரி ஒரு தடவை கேட்டுப் பார்த்தான். எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வாடை அடித்தது.

"சும்மாதானுங்ண்ணா" என்றான்.

தங்கமுத்து அதை நம்பவில்லை. நம்பாமலேயே, "எத்தன மணிக்கு?" என்றார்.